பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

முதன்முதலாக நான் நடத்திய மரநடையில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 41 மரங்களுக்குப் பெயர் சொன்னேன். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், தாவரவியல் பெயர், குடும்பப் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு. முந்தின இரவு பரீட்சைக்குப் படிப்பதுபோல உட்கார்ந்து உருப்போட்டது. வந்திருந்த பதினெட்டுப் பேரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள், எல்லாரும் படம் பிடித்தார்கள். முடிந்ததும் டீக்கடை வாசலில் ஓர் அம்மா சொன்னார்: "நிறையப் படிச்சிருக்கீங்க சார்." பாராட்டு என்று நினைத்து வண்டியை எடுத்தேன். செம்மஞ்சேரி தாண்டும்போதுதான் உறைத்தது. மரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. இப்போதெல்லாம் என் நடையில் எட்டு மரம், மிஞ்சினால் பத்து. நடக்கும் தூரம் அரைக் கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பெயரைக் கடைசியில்தான் சொல்கிறேன். சில மரங்களுக்குச் சொல்வதே இல்லை. இந்த ஒரு மாற்றத்துக்கு எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

நான் தாவரவியல் படித்தவன் அல்ல. வங்கியில் கணக்குப் பார்த்தவன். ஓய்வுக்குச் சில வருஷம் இருக்கும்போது நாவலூரில் ஒரு அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி வீடு வாங்கி வந்தோம். பழைய மாமல்லபுரம் சாலையை இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஓஎம்ஆர். ஒரு பக்கம் கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் ஏரியும் வயலும் இருந்த இடத்தில் எழும்பிய கோபுரங்கள், நடுவில் இரவு பகலாக ஓடும் தண்ணீர் லாரிகள். எங்கள் வளாகத்திலும் மரங்கள் உண்டு. நட்டவர்கள் படம் பார்த்து நட்டிருக்கிறார்கள்: பாட்டில் பனை, பிளூமேரியா, மதிலோரம் வரிசையாக நெட்டிலிங்கம். அந்த நெட்டிலிங்கத்தை ஐநூறு குடும்பமும் அசோகமரம் என்றே சொல்கிறது. சீதை உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும் அசோகம் வேறு. அது கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும், நிழல் பரப்பும். நெட்டிலிங்கத்தின் அடியில் ஓர் ஆள் நிற்கவே நிழல் போதாது. இதை நான் குடியிருப்போர் கூட்டத்தில் ஒருதரம் சொல்லி, பார்க்கிங் பற்றிப் பேச வந்தவர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டேன்.

என்னை மரத்தின் பக்கம் தள்ளியது வர்தா புயல். 2016 டிசம்பர் 12. மதியம் முழுக்க ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை இறங்கிப் பார்த்தால் வளாகத்தில் பாதி மரம் படுத்துக் கிடந்தது. குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் வேரோடு பெயர்ந்து, வேரில் ஒட்டியிருந்த கட்டட இடிபாட்டையும் சிமெண்டுச் சாக்கையும் ஊருக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. சுற்றுச்சுவருக்கு வெளியே, யாரும் வைக்காமல் தானாக வந்த ஒரு வேம்பும் இரண்டு பனையும் நின்றன. இது ஏன் விழுந்தது, அது ஏன் நின்றது என்று காவலாளி முதல் செயலாளர் வரை கேட்டேன். "காத்து அப்படி சார்" என்றார்கள். காற்று எல்லாருக்கும் ஒன்றாகத்தானே அடித்தது என்கிற கேள்வியோடுதான் கோட்டூர்புரம் போனேன்.

கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் நிலையத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஒரு மரப்பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம். 2005இல் தொடங்கிய 'நிழல்' என்ற அமைப்பு, பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான அந்த நிலத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்த சாதாரண ஜனங்களின் கையைக்கொண்டு சுத்தம் செய்து, நம் மண்ணின் மரங்களாகத் தேடி நட்டு வளர்த்தது. மகிழம், மருதம், இலுப்பை, மாவிலங்கம், நீர்க்கடம்பு. ஊட்டியில் 1848இல் மெக்ஐவர் போட்ட தாவரவியல் தோட்டத்தைப் போலப் புல்வெளியும் கண்ணாடி வீடும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. ஆனால் இந்த நகரத்தில் பொதுஜனம் தன் கையால் உண்டாக்கிய தாவரத் தோட்டம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

முதல் ஞாயிறு போய் நின்றதும் என் கையில் களைக்கொத்தி கொடுத்தார்கள். நான் மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். "தெரிஞ்சுக்கலாம், முதல்ல இந்தப் பாத்தியப் பாருங்க" என்றார் என்னைவிட வயதில் சின்னவரான ஒரு பெண். அவர் அங்கே பல வருஷமாக வருகிறவர். மூன்று மாதம் களைதான் பிடுங்கினேன். முதல் வாரம் களையென்று நினைத்து ஒரு நொச்சி நாற்றைப் பிடுங்கிவிட்டேன். அவர் திட்டவில்லை. பிடுங்கின நாற்றை என் கையில் கொடுத்து, இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொன்னார். பாட்டி வீட்டில் சளிக்கு ஆவி பிடித்த வாசனை. அன்றிலிருந்து இருட்டில் கொடுத்தாலும் நொச்சியைச் சொல்லிவிடுவேன். பெயரைக் கடைசியில் சொல்வது என்கிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் செத்துப்போன நாற்றுதான். ஆனால் புத்தியில் ஏற வெகுநாள் பிடித்தது. அதற்குள் 41 மரக் கூத்தெல்லாம் நடந்துவிட்டது.

பெயரை ஏன் தள்ளிப்போட வேண்டும்? பெயர் கிடைத்தவுடன் மனிதர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இது நான் கண்ணால் கண்டது. "இது மகிழம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த மரத்தைப் பார்க்கத் திரும்பிவிடும், போன் சட்டைப்பைக்குள் போய்விடும். அதையே, தரையில் உதிர்ந்து காய்ந்த சின்னப் பழுப்புப் பூ ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, எப்போது உதிர்ந்திருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வாடின பிறகும் வாசனை போகாத பூ இது என்று கண்டுபிடிப்பார்கள். யாராவது ஒருவர் கோவிலில் மாலையாகப் பார்த்திருக்கிறேன் என்பார். இன்னொருவர் அண்ணாந்து பார்த்து, பூவே தெரியவில்லையே என்பார். பத்து நிமிஷம் ஓடியிருக்கும். அப்போது மகிழம் என்று சொன்னால், அந்தப் பெயர் போய் உட்கார ஓர் இடம் தயாராக இருக்கும்.

இப்போது நான் நடை நடத்துகிற விதத்தைச் சொல்கிறேன். இதுதான் சரி என்று சாதிக்க மாட்டேன். பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பதினாறாவது ஆளின் காதுக்கு என் குரல் போகாது, ஓஎம்ஆர் இரைச்சல்தான் போகும். மைக் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். மைக் பிடித்தால் நான் பேச்சாளன் ஆகிவிடுவேன், அப்புறம் பழைய குருடி கதைதான். சித்திரை வைகாசியில் காலை ஆறே காலுக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்கு முடித்துவிட வேண்டும். எட்டு மணி வெயிலில் எவ்வளவு நல்ல மரமும் வெறும் நிழல்தான், மனசு அதற்கு மேல் எதையும் ஏற்காது. பையில் ஒரு கைலென்ஸ், வெள்ளைக் கைக்குட்டை ஒன்று, தண்ணீர், ஒரு சின்ன டம்ளர், இரண்டு தேற்றான் கொட்டை. டம்ளரில் பள்ளத்துக் கலங்கல் தண்ணீரை எடுத்து, உட்புறத்தில் தேற்றான் கொட்டையை நன்றாகத் தேய்த்து, முதல் மரத்தடியில் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிடுவேன். நடை முடிந்து திரும்பும்போது கலங்கல் அடியில் படிந்து மேல் தண்ணீர் தெளிந்திருக்கும். அந்தக் கொட்டையில் இருப்பது மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி இறக்கிவிடுகிறது. இதை விளக்கிச் சொன்னால் தலையாட்டுவார்கள். தெளிந்த டம்ளரைப் பார்த்தால் பெரியவர்கள்கூடப் பக்கத்தில் வந்து குனிவார்கள். வெள்ளைக் கைக்குட்டை எதற்கென்றால், கிளையின் கீழே விரித்துப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் மரத்தில் குடியிருக்கும் பூச்சியும் சிலந்தியும் வந்து விழும். மரம் தனியாள் இல்லை என்று நான் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரியாத செடியை யாராவது காட்டினால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். இது எளிதாகத் தோன்றும். பதினைந்து பேர் முகத்தைப் பார்க்கும்போது எளிதல்ல. ஆரம்பத்தில் இரண்டு தடவை சமாளித்திருக்கிறேன், ஒரு தடவை மாட்டியிருக்கிறேன்.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தாழம்பூர் போகும் வழியில், விற்காமல் கிடந்த ஒரு காலி மனை. சீமைக்கருவேலப் புதருக்கு நடுவே ஒரு பழைய மரம், சின்னச் சின்ன இலைகளோடு, கரும்பச்சையாக. உசிலை. நடைக்கு வந்தவர்களிடம் அதைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றார். திண்டிவனம் பக்கத்துக்காரர் என்று பிற்பாடு தெரிந்தது.

"என்னா மரம்னு சொன்னீங்க சார்?"

"உசிலைக்கா."

"துரிஞ்சிதானே இது? எங்க ஆயா இந்த எலைய நெழல்ல காயவச்சு இடிச்சு வச்சிருக்கும். வெள்ளிக்கிழமைன்னா அதுதான் தலைக்கு. சீக்கா எல்லாம் காசு இருக்கறவங்களுக்கு."

நான் உடனே, துரிஞ்சி வேறு மரம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. படித்த திமிர் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு கொத்து இலையை உருவி, கையில் தண்ணீர் வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். வழவழவென்று வந்தது. அதை என் பக்கம் நீட்டவில்லை. நடைக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் முன்கையில் பூசிவிட்டு, "கழுவிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் உசிலை, துரிஞ்சில், அரப்பு மூன்றும் ஒரே மரத்துக்கு ஊர் ஊராக வழங்கும் பெயர்கள். அடுத்த வாரம் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சார், உங்க ஊர்ல அப்படிச் சொல்வீங்களா இருக்கும்" என்றார்.

நம் ஊர்களில் மரநடைக்கு வருகிறவர் ஒருவர், மரம் தெரிந்தவர் வேறொருவர். வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி வேலைக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், என்னைப் போன்ற ஓய்வுக்காரர்கள். தெரிந்தவர்கள் எங்கள் வளாகத்தில் பெருக்குகிறார்கள், கேட்டில் நிற்கிறார்கள், சித்தாள் வேலைக்கு வருகிறார்கள். எந்தத் தாவரத் தோட்டத்திலும் இவர்களை அழைத்துப் பேசவைத்த மேடையை நான் பார்த்ததில்லை. நான் அந்த அக்காவைக் கேட்டேன். ஞாயிறு காலை அவருக்கு இன்னொரு வீட்டில் வேலை. ஒரு வேளைச் சம்பளத்தைக் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும், தன்னார்வம் என்ற சொல்லை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, வருகிறவர்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு அவரை அழைக்கிறோம். அன்று நான் பின்னால் நடப்பேன்.

*

தோட்டம் என்பது முதலில் மக்களுக்காக உண்டானது அல்ல என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியை அழகுக்காக வளர்க்கவில்லை. அதில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பானியர்களின் வியாபாரத்தை முறிக்கலாம் என்ற கணக்கு. 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் பயிரும் வருமானமும் பார்க்கப் பிறந்ததுதான். அதன் நிலத்தில் வெகுகாலம் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்ததும், அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் 1859இல் ஆரம்பித்து ரப்பர் பயிரால் பேர் பெற்றது. 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மகளைப் பார்க்கப் போனபோது அங்கே சனிக்கிழமைக் காலை ஒரு நடையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, தன்னார்வலர். தெம்பூசு மரத்தடிக்குக் கூட்டிப்போனார். பெயர் சொல்லவில்லை. ஐந்து வெள்ளி நோட்டை எடுத்து விரித்தார். நோட்டில் அந்த மரம் இருந்தது. ஆஹா, நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

செடி பார்க்கும் இந்தக் கதையில் தாம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியபோது சுற்றிலும் முட்புதர்க் காடு. அந்த வளாகத்தின் தாவரங்களை உட்கார்ந்து படித்தவர்களில் எட்வர்டு பார்ன்ஸ் ஒருவர். அவர் வேதியியல் பேராசிரியர். சொந்த ஆசையில் செடி பார்த்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், சேம்புக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வங்கிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் பார்ன்ஸை இழுப்பது வழக்கம்.

பேச்சுக் கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி அறையில் படம் போட்டுக் காட்டிய எந்தப் பேச்சிலிருந்தும் ஒருவர்கூட மறு வாரம் கடப்பாரை பிடிக்க வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. ஒரே ஒரு பேச்சு மட்டும் எடுபட்டது. ஊர்ப் பெயர்களை வைத்துப் பேசியது. தாழம்பூர், பனையூர், ஆலந்தூர், வேப்பேரி, புரசைவாக்கம் என்று சொல்லிக்கொண்டே போய், இந்த ஊரில் இந்த மரம் இருக்கிறதா என்று கேட்பது. மயிலாப்பூரில் கபாலீசுவரருக்குப் புன்னை, திருவான்மியூரில் மருந்தீசுவரருக்கு வன்னி என்று கோவில்கள் தலமரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஊர்கள் காப்பாற்றவில்லை. பெயரை மட்டும் வைத்து வரலாறு எழுதிவிட முடியாதுதான், ஆனால் மரத்தடிக்குக் கூட்டம் சேர்த்துவிடலாம். கடைசியில் வரும் கேள்வி எல்லாருக்கும் தெரியும். நாவலூரில் நாவல் மரம் எங்கே?

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கே விடை தெரியாது. ஒரு மாதம் தேடினோம். பிள்ளைகள் சைக்கிளில் போய்ப் பார்த்தார்கள். பழைய ஊர்ப் பகுதியில் ஒரு வீட்டுப் பின்கட்டில் ஒன்று, படூர் பக்கம் ஒரு கிணற்றடியில் ஒன்று. பின்கட்டு வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்டு, ஆனி மாதம் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தரையெல்லாம் ஊதா. இலையைக் கசக்கச் சொன்னேன். மாவிலை வாசனை மாதிரி என்றாள் ஒரு சிறுமி, சரியாகத்தான் சொன்னாள். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு கரை கட்டினதுபோல ஓடும், அதையும் அவளே பார்த்துச் சொன்னாள். ஒளவையிடம் முருகன் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட கதை இந்த மரத்தின் மேல்தான் நடந்தது என்று பெரியவர் சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டு பேரும் மண்ணை ஊதித் தின்றார்கள். வெளவால் ராத்திரி வரும், குயில் விடியற்காலை வரும், நீங்கள் எட்டு மணிக்கு வருகிறீர்கள் என்று பெரியவர் கேலி செய்தார். ஊதா நாக்கைக் காட்டி எல்லாரும் படம் பிடித்துக்கொண்டார்கள். நான் நடத்தியதிலேயே நல்ல நடை அது. நடந்தது பத்தடிகூட இல்லை.

பெரியவர் ஒரு பை நிறையக் கொட்டை கொடுத்தார். இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. நல்ல விதையென்றால் காயவைத்துப் பத்திரப்படுத்த வேண்டும், மழைக்காலம் நெருங்கும்போது ஊன்ற வேண்டும் என்று நினைத்தேன். நெல்லுக்கும் உளுந்துக்கும் உள்ள புத்தி. கழுவி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, புரட்டாசியில் எடுத்து 200 கவரில் ஊன்றினேன். செம்மண், மணல், மட்கின சாணம் எல்லாம் அளவாகக் கலந்து, பூவாளியில் தண்ணீர் விட்டு. ஒன்றுகூட முளைக்கவில்லை. நாவல் விதை காய்ந்தால் செத்துவிடும். ஈரத்தோடேயே மண்ணுக்குப் போக வேண்டும், அதிகம் போனால் இரண்டு வாரம். இலுப்பையும் இதே சுபாவம். உசிலைக்கும் வன்னிக்கும் வேறு மாதிரி. வருஷக்கணக்கில் இருக்கும், வெந்நீரில் ஊறவைத்தால்தான் தோல் இளகும். புத்தகத்தில் எல்லாம் இருந்தது. 41 மரத்தின் குடும்பப் பெயரை உருப்போட்டவன் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

அந்த வருஷம் நாங்கள் ஒரு வேன் பிடித்து ஆரோவில் தாவரவியல் தோட்டத்துக்குப் போனோம். 2000இல் தொடங்கிய தோட்டம், 50 ஏக்கர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டரை மணி நேரம். சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் அடர்ந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டை, பாலைவனம் போலக் கிடந்த செம்மண் மேட்டில் மறுபடி உண்டாக்கியிருக்கிறார்கள். காசான், வீரை, பாலை, கருங்காலி, குருந்து. இந்தக் காட்டின் அசல் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அதே சாலையில் புதுப்பட்டு ஐயனார் கோவில் காட்டுக்குப் போக வேண்டும். கோவில் காடு என்பதால் தப்பியது. மரங்கள் உயரமில்லை. பெரும்பாலானவை நம்மைவிட இரண்டு மூன்று ஆள் உயரம்தான். இலை தடித்து, கரும்பச்சையாக, ஒன்றோடொன்று கிளை பின்னிக்கொண்டு நிற்கும். வருஷத்தில் எட்டு மாதம் காய்ச்சல், மிச்ச நாளில் கொட்டும் மழை, ஐப்பசி கார்த்திகையில் புயல் என்பது இந்தக் கரையின் வாழ்க்கை. அதற்கு ஏற்பக் கட்டின உடம்பு. வர்தாவன்று என் மனசில் எழுந்த கேள்விக்கு விடை அந்தக் கிளைப் பின்னலின் கீழே நின்றபோது கிடைத்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹரும் தென்னமெரிக்கத் தூங்குமூஞ்சியும் சீக்கிரம் வளர்ந்து அகலக் குடை விரித்து அழகு காட்டும். ஒண்டியாக, இடிபாட்டு மண்ணில், ஆழம் போகாத வேரோடு நிற்கும்போது அந்தக் குடையே பாய்மரம் ஆகிவிடுகிறது. வேனில் திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை. தூங்கிவிட்டார்கள் என்பதும் உண்மை.

மறு ஆனியில் பெரியவர் வீட்டுக்குப் போய், பழத்தைத் தின்ற கையோடு, அங்கேயே உட்கார்ந்து கவரில் ஊன்றினோம். பதினைந்து இருபது நாளில் முளை வந்தது. ஒரு கொட்டையிலிருந்து இரண்டு, சிலதில் மூன்று முளை. நாவலின் இயல்பு அது. பிள்ளைகள் இரட்டைப் பிள்ளை பிறந்ததுபோல ஓடி வந்து சொன்னார்கள். வலுவான முளையை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ள வேண்டும் என்றேன். கிள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை. பிரித்து வேறு கவரில் நட்டார்கள், பாதி பிழைத்தது.

நடுவதற்கு இடம் கேட்டு அலைந்த கதையை நீட்ட விரும்பவில்லை. எங்கள் வளாகத்துச் சங்கம், இலையும் பழமும் விழுந்து கார்கள் கறையாகும் என்று மறுத்துவிட்டது. அதே வருஷம் மதிலோரம் நூறு கோனோகார்ப்பஸ் வாங்கி வைத்தது. 2025இல் அந்த மரத்தை நடக்கூடாது என்று தமிழக அரசே தடை போட்டபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் வந்ததை மறைக்கப் போவதில்லை. கடைசியில் ஏரிக்கரையில், கரையை வெட்டாமல் உட்பக்கச் சரிவுக்கு மேலே, அனுமதி வாங்கி 22 குழி எடுத்தோம். நாவல் ஒன்பது, மருதம் நாலு, புங்கன் நாலு, நீர்க்கடம்பு மூன்று, இலுப்பை இரண்டு.

நடும் நாளன்று அறுபது பேர் வந்தார்கள். பேனர்கூட யாரோ அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். படம் எடுத்தது போக வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. தை மாதம் மூடாக்குப் போட ஒன்பது பேர். மாசி, பங்குனியில் குடம் தூக்க நாலு பேர். சித்திரையில் நானும், காவலாளி தம்பி ஒருவரும், மாவிலை வாசனை என்று சொன்ன அந்தச் சிறுமியும், அவளைக் கொண்டுவந்து விடவேண்டியிருந்ததால் அவளுடைய அப்பாவும். ஒரு செடிக்கு வாரம் இரண்டு குடம். ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை ஏரியிலிருந்து, வற்றினபின் டேங்கர் லாரிக்காரரிடம் கெஞ்சி. தன்னார்வம் என்றால் நட்ட நாள் ஞாபகம் வருகிறது எல்லாருக்கும். எனக்குச் சித்திரை மாதத்து இரண்டாவது குடம்தான் ஞாபகம் வருகிறது. முதல் குடத்தை உற்சாகம் தூக்கிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஓஎம்ஆரில் படகு விட்டபோது நாலு செடி மூழ்கின. இரண்டு பிழைத்தன, இரண்டு அழுகின. மாடு தின்றது மூன்று. ஏன் போனது என்றே தெரியாமல் போனது மூன்று. 22இல் 14 நிற்கின்றன. அவற்றில் நாவல் ஆறு. என் தோளைத் தாண்டிவிட்டன, இன்னும் பூக்கவில்லை. அந்தச் சிறுமி இப்போது பிளஸ் ஒன். போன மாதம் தன் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டி வந்திருந்தாள். ஓர் இலையைக் கிள்ளி நீட்டி, "மோந்து பாரு, என்னன்னு சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டேன்.

இந்த ஆனியில் நீங்கள் எங்கேயாவது தள்ளுவண்டியில் நாவல்பழம் வாங்கினால், கொட்டையைக் காயவைக்காதீர்கள். அன்றைக்கே மண்ணில் போடுங்கள்.